சித்தப்பா காற்று பிடுங்கிய கார்

எங்கள் சித்தப்பா எதையும் குறைத்துத் தருவதில் கெட்டிக்காரர். அலுவலகத்தில் மேற்பார்வையாளர். ஒரு வாரம் விடுப்புக் கேட்டவனுக்கு நாலு நாள் கிடைக்கும். நாலு நாள் கேட்டவனுக்கு அறிவுரை கிடைக்கும். அப்படிப்பட்டவர் கையில் டயருக்குக் காற்றுப் பார்க்கும் கருவி ஒன்று சிக்கியதுதான் காரின் கெட்ட காலம்.

ஞாயிறுதோறும் சித்தியின் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, நெடுஞ்சாலையில் வெயிலோடு வெயிலாகத் திரும்புவோம். பின் இருக்கை எனக்கு. கார் நின்றதுமே சித்தப்பா தரையில் துண்டை விரித்து மண்டியிடுவார். முப்பத்திரண்டு போதும் என்று ஓட்டுநர் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கருவியின் முள்ளோ அதைத் தாண்டி நிற்கும்.

“பாத்தியாடா, எவ்ளோ கொழுப்பு!”

சாவி முனையால் வால்வை அழுத்துவார். புஸ்ஸென்று காற்று போகும். துள்ளிய ஒருவனை அடக்கி உட்காரவைத்த நிம்மதி அவர் முகத்தில் வரும்.

சித்திக்கு ஓட்டுநர் உரிமம் வந்து மாதக்கணக்காகியும் சாவி மட்டும் வரவில்லை. சித்தி வேலை பார்க்கும் மருந்துக் கிடங்கை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். பேருந்து மாறிப் போனால் தினமும் தாமதம். இன்னொரு நாள் பிந்தினால் வரவே வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். சித்தப்பா அலுவலகத்துக்குப் பொடிநடையாகப் போகிறவர். கார் வாரமெல்லாம் உறைக்குள் சும்மா கிடந்தது.

“ஏங்க, சாவியக் குடுங்களேன்.”

“ஓட்டுறது பெரிய விஷயமா? காத்துப் பாக்கத் தெரியுமா உனக்கு? தெரிஞ்ச அன்னிக்கு வாங்கிக்க.”

இதற்கிடையில் கார் திருப்பங்களில் முரண்டு பிடித்தது. பெட்ரோலை மொடாக்குடியன்போல் குடித்தது. டயர்களின் இரண்டு ஓரமும் தேய்ந்து வழுக்கையாயின. “நீ ஏறினா வண்டி அழுந்துது. ராத்திரிச் சாப்பாட்டக் குறை” என்றார் சித்தப்பா. சித்தி பதிலுக்கு, கதவில் ஒட்டியிருந்த தாளைக் குனிந்து படித்தார்.

திங்கட்கிழமை காலை. சித்தி உறையை விலக்கி, கருவியோடு நாலு டயரையும் சுற்றி வந்தார்.

“இருபத்தேழுதாங்க இருக்கு.”

சித்தப்பா பல் துலக்கியபடி வந்தார். “அது தூங்கிட்டிருக்கு. ஓட்டினா எந்திரிக்கும்.”

“எந்திரிச்சதும் நீங்கதானே மண்டையில தட்டிப் படுக்க வைக்கிறீங்க?”

பிரஷ் வாயிலேயே நின்றது. சித்தி பூட்டாமல் கிடந்த கார்க் கதவைத் திறந்து, தாளின் கடைசி வரியில் விரலை வைத்தார்.

“வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி, டயர் ஆறியிருக்கும்போது பாக்கணும்னு போட்டிருக்கு. ஓடின சூட்டுல காத்து கூடுதலாத்தான் காட்டும். அதைப் போயி வாராவாரம் பிடுங்கியிருக்கீங்க.”

“அது... பொடி எழுத்து.”

“கண்ணாடி போட்டுக்கிட்டுதானே என் சமையல்ல முடி தேடுறீங்க?”

சித்தி கையை நீட்டினார். சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். சாவி கைமாறியது. தெருமுனை பெட்ரோல் பங்கில் காற்றடித்துவிட்டு அப்படியே வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, சித்தி வண்டியைக் கிளப்பினார்.

எதிர்வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். “என்ன சார், வண்டிய அவங்களே எடுத்துட்டாங்க?”

சித்தப்பா நுரையைத் துப்பினார். “நான்தான் சார் அனுப்பினேன். காத்தக் காலையில, வண்டி எடுக்குறதுக்கு முன்னாடியே பாக்கணும்னு எத்தனை தடவ சொல்றது? இப்பத்தான் மண்டையில ஏறிச்சு.”

யார் மண்டையில் என்று எதிர்வீட்டுக்காரர் கேட்கவில்லை.