பலகையில் நான்கு வீடுகள்

அறுபதுகளில், பென்னாகரத்துக்கு அப்பால் காட்டுமலைகளை அளந்து வரைபடம் தயாரிக்கும் குழுவில் சர்வேயராக இருந்தேன். வரைபலகையைச் சுமந்துகொண்டு எங்களுக்கு வழிகாட்டியவர் அந்தக் காட்டிலேயே குடியிருந்த ஒருவர். ஒடிசலான உடம்பு, பித்தான் இல்லாத காக்கிச் சட்டை. எந்த உச்சிக்கு ஏறினாலும், தன் வீட்டுப் பக்கம் புகை தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்.

ஒருநாள் பலகையில் பொருத்தியிருந்த வரைபடத்தைக் குனிந்து பார்த்து, "எங்க வூடு எங்கங்க சார்?" என்றார்.

"நாலு குடிசைதானே? அதையெல்லாம் போடறதில்லை."

"காட்டுக்குள்ள வூடே இல்லைன்னு சொல்லி ஃபாரஸ்ட்காரங்க எங்களைக் காலி பண்ணச் சொல்றாங்க. நீங்க போட்டாத்தானுங்க நாங்க இருக்கறது தெரியும்."

பென்சிலால் நான்கு சிறு கட்டங்கள் போட்டேன். எது யார் வீடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

மாலையில் என் அதிகாரி, "காப்புக்காட்டுல ஏதுய்யா வீடு? அழி" என்றார். நானே அழித்தேன்.

மறுநாள் காலை, உறை போட்ட பலகையைத் தூக்கும்போது அவர் கேட்டார்: "வூடு இருக்குதுங்களா சார்?"

"இருக்கு" என்றேன்.

எப்போதும் பலகையைத் தலையில் சுமப்பவர், அன்று மார்போடு அணைத்துக்கொண்டு மலையேறினார். முகாம் கலையும்வரை என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை.