பாதிப் பாக்கெட்

என் தலையில் மூன்று நிறங்கள் இருந்தன. உச்சியில் ஆரஞ்சு, காதுக்குக் கீழே கருப்பு, இரண்டுக்கும் நடுவில் குளத்துப் பாசி போல ஒரு பச்சை. மூன்றையும் நானே என் கையால் உண்டாக்கியிருந்தேன். கண்ணாடியைப் பார்த்தபோது அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குப் பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

என் கணவர் இருந்தவரை எங்கள் வீட்டில் டை என்றால் ஒரு பாக்கெட்தான். பாதி அவர் மீசைக்கும் கிருதாவுக்கும், பாதி என் காதோரத்துக்கும். ஞாயிறு காலையில் பழைய பனியனைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் மூக்கணாங்கயிறு இல்லாத மாடுகள் மாதிரி வீட்டுக்குள் சுற்றி வருவோம். அவர் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். அதன் பிறகு நான் டை போடவில்லை. துக்கத்தில் இருப்பவள் போடக்கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை. வகிடு நெடுக வெள்ளை வளர்ந்தது.

ஆற்றங்கரை ஊரிலிருந்து வந்த என் கணவரின் அக்கா, என் மதினி, ஒருநாள் அந்த வெள்ளையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இப்பதான்ளா உன் முகத்துல ஒரு அடக்கம் தெரியுது."

அந்த நிமிடம் முடிவு செய்தேன், இது எனக்கு வேண்டாம் என்று. வெள்ளை முடி அழகு என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவரவர் தலை, அவரவர் இஷ்டம். எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். காலையில் ஆபீஸில் முகம் கழுவும்போது கண்ணாடியில் நிற்பவள் மதினிக்குப் பிடித்தவளாக இருந்தாள், எனக்குப் பிடித்தவளாக இல்லை.

பார்லருக்குப் போகப் பயம். மில்லர்புரத்தில் எங்கள் தெருமுனையிலேயே ஒன்று இருக்கிறது. புருஷன் போனவள் அந்தப் படியேறினால் பேச்சு எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடும். அதனால் வீட்டிலேயே போட்டேன். முதல் நாள் மருதாணிப் பொடியை இரும்புச் சட்டியில் ஊறவைத்துத் தலை முழுக்கத் தேய்த்தேன். நரைத்த இடமெல்லாம் காவி கட்டிவிட்டது. மறுநாள் அதன் மேல் கருப்பு டை. கை எட்டாத பின்பக்கத்தை முதலில் முடித்துவிடலாம் என்று கீழேயிருந்து ஆரம்பித்தேன். உச்சிக்கு வருவதற்குள் கிண்ணம் காலி. விளைவு மேலே சொன்னதுதான்.

ஆக, எந்தப் படிக்குப் பயந்தேனோ அந்தப் படியைத் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு ஏறினேன்.

அங்கே இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கலாம். கடற்கரைப் பக்கத்துப் பெண், கழுத்தில் சின்ன சிலுவை. என்னைக் கண்ணாடி முன்னால் உட்கார வைக்கவில்லை. வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய் ஸ்டூலில் உட்கார வைத்துத் துப்பட்டாவை எடுத்தாள். நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். ஆபீஸ் தோழிகள் சொல்லியிருந்தார்கள், பார்லரில் முதலில் ஒரு மூச்சு ஏசிவிட்டுத்தான் சீப்பையே எடுப்பார்கள் என்று.

"என்னென்ன போட்டியன்னு வரிசையா சொல்லுங்கக்கா. ஏச மாட்டேன். ஆனா ஒண்ணையும் மறைக்காதிய. எல்லாரும் வெறும் மருதாணிதாங்காங்க, தலை வேற சொல்லுது."

சொன்னேன். காதுக்குப் பின்னாலிருந்து நாலு முடியை வெட்டி நூலால் கட்டி, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஏதோ மருந்தை ஊற்றி அதற்குள் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே முடி பச்சையாகிக் கிடந்தது.

"இரும்புச் சட்டியா?"

"ஆமா."

"அதான். இரும்பு முடியில ஏறியிருக்கு. இது மேல பிளீச் வச்சா முடி வெந்துபோகும். நான் வைக்க மாட்டேன்." பிறகு உச்சியைச் சீப்பால் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கருப்பு ஏன் இங்கன வரலை? ஒரு பாக்கெட் முழுசா கலக்கலையா?"

"பாதிதான் கலக்கினேன்."

"ஏங்க்கா?"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. பாக்கெட்டை வெட்டி, பாதியைக் கிண்ணத்தில் கொட்டி, மீதியை மடித்துத் துணிக் கிளிப் மாட்டி அலமாரியில் வைத்திருந்தேன். அவர் பங்கு. கை தன்பாட்டில் எடுத்து வைத்திருக்கிறது. அந்த ஸ்டூலில், போகிற வருகிற பஸ்ஸெல்லாம் பார்க்கும்படி, அழுதுவிட்டேன். அவள் ஈரத் துண்டை எடுத்துவந்து நெற்றியில் இருந்த டை கறையைத் துடைப்பது போல என் முகத்தையும் துடைத்துவிட்டாள்.

பிறகு வழி சொன்னாள். இரண்டு வழி இருந்தது. முதலாவது, எல்லாவற்றின் மேலும் ஒரு கருப்பு. ஒரு மணி நேரத்தில் மூன்று நிறமும் மறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் ஒன்றும் தெரியாது. "ஆனா பொறவு வேற கலர் வேணும்னா சுலபமா வராது. கருப்புக்குள்ள போயிட்டா வெளிய வர வருஷக்கணக்காவும்." இரண்டாவது, மெதுவான வழி. உச்சிக்கும் முன்பக்கத்துக்கும் மட்டும் இப்போது பிளீச் இல்லாத கலர். கீழ்ப்பகுதியை வாராவாரம் அலசி இரும்பை இறக்கிவிட்டு, அடுத்த மாதம் மீதி. அதுவரை பார்க்கிறவர்களுக்குப் பாதித் தலைதான் சரியாக இருக்கும்.

"ஃபங்ஷன்னு சொல்லுதிய. கருப்பே போட்டிரட்டுமா?"

ஆசையாகத்தான் இருந்தது. மதினியும் கருப்பை மன்னித்துவிடுவார். என்னைப் போன்றவள் கருப்பு அடித்தால் நரையை மறைக்கிறாள், பாவம் என்று விட்டுவிடுவார்கள். வேறு நிறம் பூசினால்தான் சந்தோஷமாக இருக்கிறாள் என்று சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் வரட்டும் என்று எனக்கு இருந்தது. அவள் நீட்டிய கலர் அட்டையில் ஒட்டியிருந்த முடிக் கற்றைகளில் ஒன்றைத் தொட்டுக் காட்டினேன்.

"உடன்குடி கருப்பட்டி கலர்லா இது" என்று சிரித்தாள். பார்லரின் போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால் கேன் தண்ணீரில் என் தலையை அலசினாள். பச்சையை அடக்கச் சிவப்பு, அதன் மேல் பழுப்பு. முடிந்ததும் கண்ணாடி முன்னால் உட்கார வைத்தாள். முன்பக்கம் கருப்பட்டி. காதுக்குக் கீழே பழைய அலங்கோலம், கொஞ்சம் மங்கியிருந்தது. எனக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை சென்னையிலிருந்து ரயிலில் வந்த மகளுக்குப் பிடிக்கவில்லை. "அம்மா, பேசாம கருப்பு அடிச்சிரேன். ஒரு நாளைக்குத்தான? அவங்க வீட்ல ஏதாவது சொன்னா நான் என்ன பண்ண?" என்றாள். அதுதான் வலித்தது. மதினி சொன்னால் எதிர்த்து நிற்கலாம். மகள் பயந்தால் எங்கே போய் நிற்பது? அலமாரியிலிருந்து கிளிப் போட்ட பாக்கெட்டை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். அது ஏன் பாதி இருக்கிறது என்று சொன்னேன். அவள் அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள், பிறகு குளிக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மதினி வந்தார். "ஏளா, என்ன கோலம் இது? கருப்பாவது அடிச்சிருக்கலாம்லா." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ அடுப்படியில இரி. தட்டெல்லாம் நான் எடுத்துக்கிடுதேன்" என்றார். அவர் தம்பியைப் பறிகொடுத்தவர். அது எனக்குத் தெரியும். அதற்காக என் தலையை அவருக்கு எழுதிக்கொடுக்க முடியாது.

"இது என் வீடு மதினி. நான் முன்னாலதான் இருப்பேன்."

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மகளை மணையில் உட்கார வைத்து, மாப்பிள்ளையின் அம்மா முதலில் பூ வைத்தார். பிறகு தட்டு மற்ற பெண்களிடம் போயிற்று. என் முறை வந்தபோது மதினி தட்டை எனக்குக் காட்டாமல் என்னைத் தாண்டி அடுத்த பெண்ணிடம் நீட்டினார். நான் நடுவில் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்ன கலருங்க?" என்றார்.

"அது ஒண்ணுமில்ல, மருதாணி. தெரியாமப் போட்டுட்டா" என்று மதினி முந்திக்கொண்டார்.

"தெரிஞ்சுதான் போட்டேன். பார்லர்ல" என்றேன். "இன்னும் பாதிதான் ஆயிருக்கு. மீதி அடுத்த மாசம்."

மகள் மணையிலிருந்து எழாமல் என் பக்கமாகத் திரும்பி, தலையை நன்றாகக் குனிந்து காட்டினாள். பிச்சிப்பூச் சரத்தை எடுத்து அவள் பின்னலில் வைத்தேன். விழுந்துவிடாமல் இருக்க இரண்டு பக்கமும் ஹேர்பின்னை அழுத்திக் குத்தினேன்.