இரண்டு முறை வெட்டிய பெயர்

இராசமலர் முதல் வாக்கை 1956இல் வீட்டுச் சின்னத்துக்குப் போட்டார். அவருடைய அப்பு சொன்னார். கலியாணமான பிறகு சைக்கிளுக்கு. கணவர் மகேசன் அந்தக் கட்சி. எழுபத்தேழில் ஊரே சூரியன் என்றது, அவரும் சூரியன். எதுவானாலும் பிடித்தவரின் கட்டத்தில் பெருக்கல் குறிபோலப் புள்ளடி என்று கை பழகியிருந்தது.

பிறகு புலம்பெயர்ந்து ஓக்லாந்து. நியூ லின்னில் துணிக்கடை வேலை. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில், கொழும்பில் தம்பி ஜெயரட்ணத்தின் வீட்டை எரித்தார்கள். அவனுக்கு விசா கேட்டு அலைந்தபோது தொகுதி எம்.பி., நரைத்த மனிதர், இவரை எதிரே இருத்தி, தம்பியின் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். பதில் வருமுன் தேர்தல் வந்துவிட்டது.

எண்பத்துநான்கு யூலை, ஒரு சனிக்கிழமை. யாரும் சொல்லாமல் இராசமலர் தானே தீர்மானித்துப் போட்ட முதல் வாக்கு அது. தாளில் சின்னமும் இல்லை, கட்டமும் இல்லை. நரைத்தவரின் பெயர் மேலேயே வடிவாக ஒரு புள்ளடி போட்டார்.

காருக்குள் மகேசன் கேட்டார்: "மற்ற எல்லாரையும் வெட்டினீரோ?"

"ஏன் வெட்ட? அவருக்குப் புள்ளடி போட்டனான்."

"இஞ்ச வேண்டாத ஆக்களின்ர பேரையெல்லோ கோடு கீறி வெட்டுறது. தாளிலயே எழுதியிருக்கு. நீர் அவரையே வெட்டிப்போட்டு வந்திருக்கிறீர்."

நரைத்தவர் தோற்றார்.

"உம்மட ஒரு புள்ளடியிலயே மனுசன் விழுந்தவர்? ஆயிரத்துச் சொச்சம் வித்தியாசம்" என்று மகேசன் பகிடி பண்ணினார். இராசமலர் சிரிக்கவில்லை. தம்பியின் கோப்பு அசையாமல் கிடந்தது. கடைசியில், வென்ற இளைஞரிடமே போய் நின்றார். அவர் நான்கு கடிதம் எழுதினார். எண்பத்தாறில் ஜெயரட்ணம் வந்து இறங்கினான். ஒரு கைப்பெட்டி, காதோரம் தீத்தழும்பு.

எண்பத்தேழில் அதே இருவரும் மறுபடி போட்டியிட்டார்கள். வாக்குக் கேட்டு வந்த நரைத்தவர், ஜெயரட்ணம் வந்து சேர்ந்துவிட்டானா என்று வாசலில் நின்று விசாரித்தார். பெயரை மறக்கவில்லை.

"அக்கா, அவருக்கே போடுங்கோவன். முதல் எழுதினது அவர்தானே" என்றான் தம்பி.

"உன்னைக் கொண்டுவந்தது மற்றவர்."

வாக்களிப்பு மண்டபத்தில் தாளை இரண்டு தரம் வாசித்தார். கேள்விப்படாத பெயர்களை உடனே வெட்டினார். மிஞ்சிய இரண்டின்மேல் பென்சில் வெகுநேரம் நின்றது. பிறகு ஒன்றின்மேல் மெல்லிய கோடு, கடைசி எழுத்துவரை.

"இந்தமுறை பிழைவிடேல்லையே?" காருக்குள் மகேசன் கேட்டார்.

"இல்லை. ஆனா ரெண்டு தரமும் வெட்டினது அந்த மனுசனைத்தான்."

மகேசன் காரை எடுத்தார்.