ராஜாம்பாள் இறக்கிய கை

அந்த வருஷம் ஐப்பசியிலும் மழை பொய்த்தது. கல்வராயன் மலைப் பக்கம் மேகம் கூடுவதும் கலைவதுமாக எங்களை ஏய்த்தது. களமருதூருக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர் ஏரியில் கால்வாசித் தண்ணீர்தான். அதற்காக நடந்த அடிதடியில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது.

யாருக்கு எப்போது தண்ணீர் என்பதை அய்யனார் கோயிலில் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். பத்துக்காணிக்காரர் பெயரும் அரைக்காணிக்காரி பெயரும் ஒரே பானைக்குள் போகும். அந்தச் சீட்டை நிறுத்தலாம் என்று பத்துக்காணிக்கார அரங்கநாதன் எழுந்து சொன்னபோது ஒருவருக்கும் கோபம் வரவில்லை.

"பத்தே நாளுங்க. மதகுப் பூட்டு சாவி எங்கிட்ட இருக்கட்டும். ஒரு சண்ட வராது, நான் பொறுப்பு."

முதலில் கையைத் தூக்கியது ராஜாம்பாள். புருஷன் செத்த பிறகு அரைக்காணி நெல்லை நம்பி இரண்டு பெண்களைப் படிக்க வைப்பவள். மண்டை உடைந்தவர்களில் ஒருவன் அவள் தம்பி செழியன். அந்தப் பயம் அவளுக்கு. அவளைப் பார்த்து நாங்களும் தூக்கினோம். பெரிய பெரிய நாடுகளை ஒற்றை ஆள் பிடித்ததெல்லாம் துப்பாக்கியால்தான் என்று நினைத்திருந்தேன். பயந்த ஜனம் கையைத் தூக்கினாலே போதும் போலிருக்கிறது.

பத்து நாள் முப்பது நாளாயிற்று. சண்டை நின்றது உண்மைதான். வாய் திறந்தவன் வயலுக்குத் தண்ணீர் நின்றதும் உண்மை. மதகுப் பலகையைத் தூக்கும் திருகு துருவேறியது; நாலு பேர் சேர்ந்து சுற்றினால்தான் அசையும். அந்த நாலு தடிப்பயல்களில் நானும் ஒருவன். என் வயலுக்கு முதல் தண்ணீர் கிடைத்ததே, வேறென்ன காரணம் வேண்டும்? வெட்கக்கேடு!

ராஜாம்பாள்தான் அரங்கநாதனிடம் நேரே கேட்டாள். "பத்து நாளுன்னீங்களே, எப்பங்க சீட்டு போடறது?"

"இன்னா அவசரம்? மழ வரட்டும்."

மறுநாளே அவள் வாய்க்கால் அடைபட்டது. கதிர் வரும் நேரத்தில் பயிர் மஞ்சளடித்தது. இன்னும் ஐந்து நாள் தாங்கும். அதற்குள் தண்ணீர் வராவிட்டால் மாட்டுக்கு அறுத்துப் போட வேண்டியதுதான். பெண்களின் படிப்பும் அதோடு போகும்.

வேறொருத்தியாக இருந்தால் அவர் காலில் விழுந்திருப்பாள். இவள் வீடு வீடாகப் போனாள். என் வாசலுக்கும் வந்தாள்.

"அன்னிக்கு மொதக் கை என்னுது. தப்பு எம்மேலதான். இப்ப எறக்கிட்டேன். நீ இன்னா பண்ணப் போற, அஜித்து?"

"என் தண்ணி போயிடுமேக்கா!"

"போவட்டும். நீங்க நாலு பேரும் நின்னுட்டா, திருக அந்தாளு ஒத்தையா சுத்துவாரா?"

அடச்சே! தினமும் அந்தத் திருகைச் சுற்றியவன் நான். எனக்கு இது தோன்றவேயில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் ஊரே அய்யனார் கோயிலில் கூடியது, நாங்கள் நால்வர் உட்பட. மதகடியில் அரங்கநாதன் தனியாக வேர்த்து விறுவிறுத்துத் திருகோடு மல்லுக்கட்டினார். அது மயிரளவும் நகரவில்லை. எனக்கு ஏழு தடவை போன் அடித்தார், நான் எடுக்கவில்லை. கடைசியில் கோயிலுக்கு நடந்து வந்தார்.

"எம்பேரு பானையில இருக்குதா?"

"இல்லாம? நீங்களும் இந்த ஊருதானே" என்றாள் ராஜாம்பாள்.

அவர் சாவியை அய்யனார் காலடியில் வைத்தார். விசில் பறந்தது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், "இனிமே சாவி யக்கா கையிலயே இருக்கட்டும்!" என்று கத்தினேன். மொத்த ஊரும் கையைத் தூக்கியது.

ராஜாம்பாள் முகம் வெளிறியது. "எறக்குங்கடா கைய! மண்டையில இன்னா வச்சிக்கினு இருக்கீங்க? சாவிக்கும் சீட்டு போடுங்க. வாரத்துக்கு ஒரு வூடு!"

அப்படியே போட்டோம். தண்ணீர்ச் சீட்டில் நான்காம் நாள் அவள் முறை. தண்ணீர் வயலுக்குள் இறங்கியதும் வரப்பில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

"யாரையும் கும்புடாம வந்த தண்ணிடா இது, அஜித்து!"