வெறும் வளையமாய் நின்ற புள்ளி

"அப்பா போயிட்டாரு சித்தப்பா" என்று ஏகாம்பரம் அண்ணனின் மகள் ஆரணியிலிருந்து போன் செய்தபோது, நான் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். "எங்க, எமலோகத்துக் கூத்துக்கு மார்க்கு போடவா?" என்றேன். வாய் அப்படிப் பழகிவிட்டது. அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணன் எங்கள் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டியவர். நானும் அங்கேதான் வேலை. திருவிழா வந்தால் கூத்தில் பெண் வேஷம் கட்டுவேன். ஒருமுறை மிஷின் பொருத்த வந்த ஜப்பான்காரர், தங்கள் நாட்டில் அந்தக் காலத்து நாடக நடிகர்களுக்கு வருஷா வருஷம் தரம் போட்டுப் புத்தகம் வந்ததைச் சொன்னாராம். நடிப்பில் குறை இருந்தால், தரம் சொல்லும் எழுத்தில் அந்த அளவுக்கு மை நிரப்பாமல் வெள்ளையாக விடுவார்களாம். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வருஷமே எங்கள் பக்கத்துக் கூத்தாடிகளுக்கு ஜெராக்ஸ் தாளில் தரம் வந்துவிட்டது. 'ராஜா வேஷக்காரர் குரல் காக்களூர்வரை கேட்கிறது. சொல்தான் பந்தலுக்குள்ளேயே புரியவில்லை' என்று எழுதியிருந்தார்.

எனக்குப் போட்ட தரம் 'மேல்'. முதலில் அந்த எழுத்து முழுக்க வெள்ளை. பிறகு 'மே' கறுத்தது. அப்புறம் 'ல'வும் கறுத்தது. அதன் தலையில் இருக்கும் புள்ளி மட்டும் வெறும் வளையம். வருஷக்கணக்காக அதே வளையம்.

கேன்டீனில் கேட்டேவிட்டேன். "பேனாவால ஒரு குத்துண்ணே. அதுல உங்களுக்கு இன்னா பேஜாரு?"

"புள்ளய பறிகுடுத்த தாயா அழுவுற. ஆனா ஒரு கண்ணு ஜனங்க மேலயே கீதுடா. யாரும் பாக்காதப்ப அழு, வைக்கிறேன்."

"யாரும் பாக்கலன்னா நீங்க மட்டும் எப்டிண்ணே பாப்பீங்க?"

அண்ணன் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

காரியத்தன்று அண்ணி இந்த வருஷத் தாளை எடுத்து வந்தார். அண்ணன் போவதற்கு முன்பே எல்லோருக்கும் தரம் போட்டு முடித்திருந்தார். எனக்கு அதே வளையம். அண்ணி பேனாவை நீட்டினார்.

"அவருதான் இல்லியே. நீயே வெச்சிக்கோப்பா."

"வேணாம் அண்ணி, ராவிக்கு வந்து ரப்பர் போட்டு அழிச்சிடுவாரு" என்றேன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கை கழுவுவதாகச் சொல்லிப் பின்பக்கம் போனேன். குழாயைத் திறந்துவிட்டேன். கை கழுவவில்லை. எவ்வளவு நேரம் அழுதேனோ, பக்கெட் நிரம்பி வழிந்து காலெல்லாம் நனைந்துவிட்டது.

ஒருவரும் பார்க்கவில்லை அண்ணே. நீங்களும் பார்க்கவில்லை.

தாளை மடித்து வைத்திருக்கிறேன். பேனாவைத் தொடவில்லை. போய் வாருங்கள்.