சென்சார் முகத்தில் அம்மன் சந்தனம்

ஓடும் லாரியில் எஞ்சின் சட்டென்று நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஸ்டியரிங் கல்லாகும். பிரேக்குக்கான காற்று குறையும். ஓசூரில் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். விவரம் தெரிந்தவனுக்குப் பயமும் அதிகம்.

2007 ஆடியில் என் தம்பி முருகேசனின் லாரி அப்படித்தான் நின்று நின்று போனது. சேலத்துக்குச் சரக்கு ஏற்றினால் அவன் விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாய்ச் சரிவில் இறங்கியாக வேண்டும்.

எஞ்சின் சுழற்சியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் போய்விட்டது என்றேன். புதிது வாங்கி, மீட்டர் வைத்துச் சோதித்து, அவனிடம் கொடுத்தேன். அவனே மாட்டினான். பிறகும் வேகம் குறைந்தால் எஞ்சின் நின்றது. வயரைப் பார்த்தேன். பேட்டரியைப் பார்த்தேன். சென்சாரை மட்டும் கழற்றவில்லை. நான் தேறியது என்று சொன்ன உருப்படியை மறுபடி சோதிப்பது என் நடைமுறையில் கிடையாது.

அவன் கிளம்பிய பிறகு போன் அடித்தால் எடுக்கக் கை வராது. மாரியம்மனிடம்கூட நான் காரணம், கோரிக்கை என்று வரிசையாகத்தான் வேண்டுவேன். அவன் சேலத்துக்குக் கிளம்பிய அன்று காலை அந்த வரிசை எதுவும் வரவில்லை. "தாயே, நின்றுதான் ஆகவேண்டுமென்றால் சமதரையில் நிற்கட்டும்." அவ்வளவுதான். அழுதுவிட்டேன்.

மதியம் போன் வந்தது.

"அண்ணா, குருபரப்பள்ளியில டீ குடிக்க ஓரங்கட்டுனேன். நின்னுபோச்சு. கெளம்ப மாட்டேங்குது."

வண்டி நின்றது சமதரையில். கணவாய்க்கு வெகு முன்னால், டீக்கடை வாசலில்.

பஸ் பிடித்துப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் பசவராஜ், கன்னடக்காரர், நான் தடுத்தும் கேளாமல் சென்சாரைக் கழற்றினார். முகம் என்று நாங்கள் சொல்லும், எஞ்சினோடு ஒட்டி உட்காரும் பரப்பில் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. முகர்ந்து பார்த்தார்.

"இதேனு சார், கந்தமா?"

சந்தனத்துக்குக் கன்னடத்தில் கந்தம்.

அம்மன் காலடியில் வைத்து எடுத்து, சந்தனமும் குங்குமமும் கனமாக அப்பி மாட்டியிருக்கிறான் தம்பி. அந்தக் கனத்தில் சென்சார் எட்டி நின்று, எஞ்சினுக்குள் சுழலும் பல்சக்கரத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

"முகம் சுத்தமா இருக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா."

"முகத்துல பொட்டு வெச்சா அசுத்தமாண்ணா?"

நான் துணியை எடுத்து நீட்டினேன். பசவராஜ் சிரித்துக்கொண்டே துடைத்து மாட்டினார். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. பிறகு நிற்கவே இல்லை.

சந்தனத்தால் வந்த கோளாறுக்கு அம்மனுக்கு எதற்கு நன்றி என்று கேட்பீர்கள். நானும் அப்படிக் கேட்கிற ஆள்தான். ஆனால் வண்டி எங்கே நிற்கும் என்பது என் மீட்டரில் இல்லை, தம்பி கையிலும் இல்லை. சமதரை கேட்டேன். சமதரையில் நிறுத்தினாள். தம்பி இருக்கிறான்.

இப்போதும் எங்கள் வீட்டில் புதுச் சாமானுக்குப் பூஜை உண்டு. பொட்டு மட்டும் அது வந்த அட்டைப்பெட்டிக்கு. அவன் கிளம்பும்போது நானும் வண்டி முன் கைகூப்புகிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது சாலையில் இருப்பார்கள். பார்க்க வேண்டியதையெல்லாம் கழற்றிப் பாருங்கள், தேறியதையும் சேர்த்து. பிறகு அவளிடம் சமதரை கேளுங்கள். தருவாள்.