விலகியவர்களின் பெட்டி

லாரி ஓட்டுநர்கள் எல்லோருக்கும் அவள் பெட்டியக்கா. பதினேழு வருடமாக ஓர் ஆவணக் கிடங்கில் வேலை. கம்பெனிகளும் மருத்துவமனைகளும் வக்கீல் அலுவலகங்களும், வைத்துக்கொள்ள இடமில்லாமல், தூக்கி எறியவும் முடியாமல் தவிக்கிற பழைய காகிதங்களை அட்டைப்பெட்டியில் போட்டு அங்கே அனுப்பிவிடும். கேட்கிற அன்றைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். அதுவரை ஒரு பூச்சி, ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு மனிதக் கண் அதன்மேல் படக் கூடாது.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. காலையில் வந்ததும் காற்றில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் கருவியைப் பார்ப்பாள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும் அடித்தட்டுக்குக் கீழே குனிந்து, டார்ச் அடித்துக் கரையான் தடம் தேடுவாள். சாப்பாட்டு டப்பாவை யாராக இருந்தாலும் வாசல் அறையிலேயே வைத்துவிட வேண்டும். உள்ளே ஒரு பிஸ்கட் துண்டு விழுந்தால்கூட எலியை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி என்பாள். பெட்டிகளின் மேல் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் எந்தக் கம்பெனி என்பதைக் கணினியில் பார்க்க இரண்டு மூன்று பேருக்குத்தான் அனுமதி; அதில் அவளும் ஒருத்தி. வீட்டில் அதைப்பற்றி மூச்சு விடமாட்டாள். "கிடங்குக்கு ரெண்டு சாவி, இவ வாய்க்கு மூணு" என்று அவள் கணவர் கேலி செய்வார்.

அவளுக்கு ஒரு தங்கை. ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு துணி ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தாள். ஒருநாள் இரண்டு வரிக் கடிதம் ஒன்றைக் கையில் கொடுத்து, இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. அடுத்த வாரமே அவள் நாற்காலியில் பக்கத்து மேசைத் தோழி உட்கார்ந்தாள். தங்கைக்கு அது போதும். தோழிதான் தன்னைப் பற்றி ஏதோ எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டாள். பிறகு வேறு வேலை கிடைத்தது, அங்கே நல்ல பெயரும் எடுத்தாள். ஆனால் இரண்டு தெரு தள்ளி இருந்த அந்தத் தோழி எதிரே வந்தால் மட்டும், சாலையைக் கடந்து மறுபக்கம் போய்விடுவாள்.

இந்த நிலையில் ஆலையின் அலுவலகம் சின்ன இடத்துக்கு மாறியது. முந்நூற்றுச் சொச்சம் பெட்டிகள் கிடங்குக்கு வந்து சேர்ந்தன. பெட்டியக்கா வழக்கம்போல வீட்டில் வாயே திறக்கவில்லை. ஆனால் தங்கை பஸ்ஸில் போகும்போது ஆலை வாசலில் கிடங்கின் லாரி நிற்பதைப் பார்த்துவிட்டாள். அன்று மாலையே வந்து சமையலறையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எங்க ஆலைப் பேப்பரெல்லாம் உங்கிட்டதான இருக்கு?"

அக்கா தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"என் ஃபைல்ல யாரு என்ன எழுதியிருக்காங்கன்னு ஒரே ஒரு தடவை பாத்துச் சொல்லு. போதும்."

"திறக்காம வச்சிருக்கத்தான் என்னை அங்க வச்சிருக்காங்க. நான் பாக்க மாட்டேன்."

"அப்போ கூடப் பொறந்தவளவிட உனக்கு அட்டைப்பெட்டி ஒசத்தி."

தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டாள். அதன்பிறகு இரண்டு மாதம் அக்காவோடு பேச்சு இல்லை. வீட்டுக்கு வந்தாலும், அக்கா பக்கத்திலேயே நிற்க, "மாமா, அக்காகிட்ட சொல்லிடுங்க" என்று தொடங்குவாள். மாமாவும் சலிக்காமல் திரும்பி நின்று மனைவியிடம் அதையே ஒப்பிப்பார்.

வெளியே கல்லாக இருந்தாளே தவிர, பெட்டியக்காவுக்கு உள்ளுக்குள் மனசு கேட்கவில்லை. அவளைச் சோதிப்பதற்கென்றே ஆலைக்காரர்கள் ஒரு தவறு செய்திருந்தார்கள். எண் மட்டும் இருக்கவேண்டிய பெட்டியில், ஓரமாகப் பென்சிலால் 'விலகியவர்கள்' என்றும், தங்கை வெளியேறிய வருடத்தையும் எழுதியிருந்தார்கள். ஒருநாள் மதியம் ஏணியைப் போட்டு அந்தப் பெட்டியை இறக்கி மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. ஒட்டுநாடாவின் ஒரு முனை ஏற்கெனவே லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தை வைத்தால் வந்துவிடும். கால் மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்த முனையைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தி ஒட்டி, பெட்டியை இருந்த இடத்திலேயே ஏற்றினாள்.

அதோடு விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பெட்டி இடம் மாறினால் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினாள்: இறக்கியது இரண்டு நாற்பது, ஏற்றியது இரண்டு ஐம்பத்தைந்து. காரணம் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, 'சொந்த விஷயம். திறக்கவில்லை' என்று போட்டாள்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார். பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேமராப் பதிவை ஓடவிட்டுப் பார்த்தார், பதிவேட்டில் அந்த வரிக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இனிமே அந்த வரிசைய வேற ஆள் பாத்துக்கட்டும். நீங்க ஏன் அந்தப் பாரத்தையும் சேத்துச் சுமக்கணும்?" என்றார்.

அவமானமாக இருக்கும் என்று நினைத்து உள்ளே போனவள், வெளியே வரும்போது தோள் லேசாகிவிட்டதுபோல உணர்ந்தாள். அந்தத் தெளிவில்தான் அவளுக்கு நேர்வழி ஒன்று கண்ணில் பட்டது. பெட்டி கிடங்குடையது இல்லை, ஆலையுடையது. தங்கை ஆலையைத்தானே கேட்க வேண்டும்?

அன்று மாலை ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுதினாள்: என்னைப் பற்றிய கோப்பை நான் பார்க்க விரும்புகிறேன். ஐந்து வாரம் பதிலே இல்லை. ஆறாவது வாரம், வந்து பார்க்கலாம் என்று கடிதம் வந்தது. அதே நாளில் அந்தப் பெட்டியை அனுப்பச் சொல்லிக் கிடங்குக்கும் ஆலையிலிருந்து சீட்டு வந்தது. சக ஊழியர் பெட்டியை இறக்கி, பையில் போட்டு சீல் வைத்து ஓட்டுநரிடம் கொடுத்தார். பெட்டியக்கா தன் மேசையில் இருந்தபடியே லாரி கிளம்புவதைப் பார்த்தாள்.

ஆலை அலுவலகத்துக்குத் தங்கை அவளையும் துணைக்கு அழைத்தாள். ஆனால் அக்கா அறைக்குள் வரவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். இருபது நிமிடம் கழித்துத் தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பதினோரு தாள் இருந்துச்சு. ஒண்ணுவிடாமப் படிச்சேன். யாருமே ஒண்ணும் எழுதலக்கா."

ஏழு பேரைக் குறைக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லியிருக்கிறது. சேர்ந்த தேதியை வைத்துக் கடைசியாகச் சேர்ந்த ஏழு பேரை நிறுத்தியிருக்கிறார்கள். அதில் இவள் நான்காவது. அவ்வளவுதான் விஷயம். தங்கை அழவில்லை. ஆனால் ஒன்பது வருடம் ஒருத்திமேல் வைத்திருந்த கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாதவள் மாதிரி, கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மூன்று வாரம் ஆயிற்று அவளுக்குத் தோழியின் வீட்டுக் கதவைத் தட்ட. தோழி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, அவள் சந்தேகப்பட்ட கதையை முழுக்கக் கேட்டாள்.

"உன் சீட்ல உக்காந்துட்டேன்னுதான் உனக்குக் கோவம்னு நெனச்சுட்டு இருந்தேன். அதுல எனக்கே சங்கடந்தான். நான் எழுதிக் குடுத்தேன்னு நீ நெனச்சது தெரிஞ்சிருந்தா அப்பவே வந்து சண்டை போட்டிருப்பேனே" என்றாள்.

பழைய நெருக்கம் உடனே வந்துவிடவில்லை. ஆனால் சாலையைக் கடந்து மறுபக்கம் போவது நின்றது. சில காலைகளில் இருவரும் பஸ் நிறுத்தம் வரை சேர்ந்தே நடந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை, அக்காவின் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கே நீ திறந்து பாத்துச் சொல்லியிருந்தா இவ்ளோ அலைச்சல் இல்லையே?"

"ஃபைல்ல ஒண்ணுமே இல்லன்னு நான் வந்து சொல்லியிருந்தா, நீ நம்பியிருப்பியா?"

தங்கை கத்தியை வைத்துவிட்டு யோசித்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"மாட்டேன். அவ மானத்தக் காப்பாத்த நீயும் மறைக்கிறன்னுதான் சொல்லியிருப்பேன்" என்று ஒப்புக்கொண்டு, மிச்சக் காயை நறுக்கத் தொடங்கினாள்.